நடு அடுக்கு இல்லாத முட்டை

அடைகாக்கும் பெட்டியிலிருந்து நாற்றம் வரவில்லை. அதுதான் விலங்கியல் ஆசிரியைக்கு முதலில் உறுத்தியது. செத்த கரு இந்நேரம் நாறியிருக்க வேண்டும்.

கல்லூரி விட்டு ஆள் அரவம் அடங்கிய ஆய்வகம். ஃபார்மலின் நெடி, குழாயிலிருந்து தொட்டியில் விழும் சொட்டு, பெட்டிக்குள் எரியும் பல்பின் மெல்லிய இரைச்சல், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. பாடத்துக்காகக் கோழிமுட்டை ஓட்டில் சன்னல்போல வெட்டி, வளரும் கருவைப் பார்த்துவிட்டு, டேப் ஒட்டி மறுபடி பெட்டிக்குள் வைப்பார்கள். போன வாரம் பார்த்தபோது இந்த ஒரு முட்டையில் கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கே உருவாகவில்லை. தோலும் நரம்பும் ஆகிற வெளி அடுக்கு இருந்தது, குடலாகிற உள் அடுக்கு இருந்தது. இரத்தமும் இதயமும் தருகிற நடு அடுக்கைத்தான் காணோம்.

"ரெண்டு அடுக்கோட நின்னுட்டா அது ஜெல்லி மீன் ஜாதி மேடம். இது எங்க கோழியாகப் போகுது?" என்று ஆய்வக உதவியாளர் குப்பையில் போடப் போனார்.

"இருக்கட்டும்ணே. நான் பாத்துக்கறேன்."

பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாமல் போன மனத்துக்கு என்ன பெயரோ. சில மாதங்களுக்கு முன் ஸ்கேன் அறையில் டாக்டரம்மா அவளிடம், "இதயத் துடிப்பு வரவேயில்லம்மா, எடுத்துடறதுதான் நல்லது" என்றபோது சரியென்று தலையாட்டினாள். அதை நினைத்து அவள் அழாத நாளில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் டேப்பை ஒட்டி உள்ளே வைத்தாள்.

இப்போது பெட்டியின் சூட்டிலும் அந்த முட்டை மட்டும் சில்லிட்டிருந்தது. டேப் உள்ளிருந்து புடைத்திருந்தது.

போன் அடித்தது. கணவன்.

"இன்னும் கிளம்பலையா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. வந்துடறேன்."

டேப்பை உரித்தாள்.

வெளுத்த தோல். கறுத்த இரண்டு கண்கள். கண் வெளி அடுக்கில் பிறப்பது, பாடம் அதுவரை சரி. கீழே ஒரு வாய். இரத்தம் இல்லை. துடிப்பு இல்லை. ஆனாலும் கண்கள் அவளைத் தேடித் திரும்பின.

ஓடிவிடலாம் என்று நினைத்தாள். சுண்டுவிரலை நீட்டினாள்.

வாய் பற்றிக்கொண்டது. மெத்தென்று. குளிர்ந்து. சப்பியது.

வெளுத்த தோலுக்கடியில் ஒரு சிவப்புப் புள்ளி. துடித்தது. மறுபடியும். அவளுக்குப் பழகிய துடிப்பு.

மற்ற கையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

விரலை இழுத்தால் வந்துவிடும். பிடி அவ்வளவு லேசு.

"குடிடா கண்ணு," என்றாள்.

மேசையோரம் சரிந்தாள். விரல் மட்டும் முட்டைக்குள்ளேயே இருந்தது. முட்டை துடித்துக்கொண்டிருந்தது.