வெள்ளரிக்காய் வைத்த எலிப்பொறி

மேட்டூருக்கு அருகே கொளத்தூரில் பிறந்து, நூற்பாலையில் ஆறாண்டு உழைத்து, அந்த உழைப்பில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் வாங்கியவள் மோகனப்ரியா. தாலி ஏறிய மூன்றாம் நாள், அந்த ஸ்கூட்டரும் ஒரு தகரப் பெட்டியுமாக மைசூர் மேட்டகள்ளியிலுள்ள கணவன் வீட்டில் வந்து இறங்கினாள். பேய்க்கு அஞ்சுகிறவள் அல்லள்; சாமியாடியின் முகத்துக்கு நேரே சிரித்தவள்.

வீட்டை ஒட்டி ஒரு வண்டிக் கொட்டகை. பட்டப்பகலிலும் அதற்குள் இருள் கட்டியாகக் கிடந்தது. கதவைத் தள்ளியதும் பெட்ரோலும் பழைய ரப்பரும் ஈரச் சாக்கும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. நட்ட நடுவே, வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று, கிடத்தாமல் நிறுத்திவைத்த பிணம் போல நின்றது.

“ஏனுங்க, அது என்ன?”

“எஸ்டி மோட்டார் சைக்கிள். சௌம்யாவோடது,” என்றான் மகேந்திரன். “அது நடுவுலயே நிக்கட்டும் ப்ரியா. உன் வண்டிய ஓரமா விடு.”

சௌம்யா அவனுடைய முதல் மனைவி. மைசூரிலேயே பிறந்த தமிழ்ப்பெண். தமிழைவிடக் கன்னடமே அவள் நாவில் தடையின்றி ஓடுமாம். தெருவே திரும்பிப் பார்க்க இந்த மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு சாமுண்டி மலைக்குப் போவாளாம். இரண்டாண்டுக்கு முன் டெங்கு காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோயிற்று.

ஓரமா!

உழைத்து வாங்கியவளுக்கு ஓரம், உயிரோடில்லாதவளுக்கு நடுவிடம். மனைவியை இழந்தவனுக்கு மறுமணம் செய்துவைக்கத் துடிக்கும் ஊர், அந்த மறுமனைவிக்கு எந்த மூலை என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? ஞாயிறுதோறும் மகேந்திரன் கொட்டகைக்குள் போய், அந்த வண்டியின் விளக்கை மெல்லிய துணியால் வட்டமாகத் துடைப்பான். வாசலில் நின்று மோகனப்ரியா பார்ப்பாள். தன் முகத்தை அவன் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

இருபத்தைந்தாம் நாள் ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

“எலிங்கக்கா!” என்றான் மெக்கானிக் ஜடையன், கடித்துக் குதறிய வயர்களை வெளியே இழுத்துப்போட்டு. “வாழைத்தண்டு நார் மாதிரி உரிச்சு வெச்சிருக்கு பாருங்க. கல்யாண விருந்து உங்க வண்டியிலதான் நடந்திருக்கு.” பிறகு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்தவன் விசிலடித்தான். “அய்யோ சிவனே! இதுல ஒரு பல்லுகூடப் படலையே. சீட்டு, டியூப்பு, எல்லாம் புதுசு மாதிரி. மரியாதை தெரிஞ்ச எலிங்கக்கா!”

மோகனப்ரியா சிரிக்கவில்லை.

பாச்சை உருண்டை போட்டாள். மறுநாள் ஸ்கூட்டரின் இருக்கை கிழிந்திருந்தது. புகையிலைத் தூள் தூவினாள். தகரப் பெட்டிக்குள், முகூர்த்தப் புடவையின் சரிகை மட்டும் உருவப்பட்டிருந்தது. அதன் கீழிருந்த திருமணப் புகைப்படத்தில் மாப்பிள்ளை முழுதாக இருந்தான்.

மணப்பெண்ணுக்கு முகமில்லை.

புடவையை எடுத்துக்கொண்டு தெருக்குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் காட்டினாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கெம்பம்மா அந்தக் கிழிசலை விரலால் தடவினாள். கொட்டகையை ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இலி அல்லம்மா… சவதி. சவதி.”

குடத்தைப் பாதி நிரம்பியபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மோகனப்ரியா அதுவரை கற்றிருந்த கன்னடச் சொற்கள் நான்கே: தண்ணீருக்கு நீரு, அரிசிக்கு அக்கி, விலை கேட்க எஷ்டு, வெள்ளரிக்காய்க்குக் காய்கறி வண்டிக்காரி நாள்தோறும் கூவிக் கூவிக் காதில் பதிந்த சவ்தேகாயி. கெம்பம்மா சொன்ன சவதியும் அதுவே என்று கொண்டு, இந்த ஊர் எலி வடைக்கும் கருவாட்டுக்கும் மயங்காதோ, வெள்ளரிக்காய்தான் வைக்க வேண்டுமோ என்று எண்ணினாள். ஒரு பிஞ்சு வாங்கி நறுக்கி எலிப்பொறியில் கோத்தாள். எஸ்டியின் சக்கரத்தடியில் பொறியை வைத்தாள்.

காலையில் பொறி மூடியிருந்தது. வெள்ளரித் துண்டு இல்லை.

எலியும் இல்லை.

உள்ளே ஒரு வெள்ளி மெட்டி கிடந்தது. அதில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

அவள் குரல் கேட்டு ஓடிவந்த மகேந்திரன் அதைக் கையிலெடுத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இது… அஸ்தியோட சேத்து நானே சீரங்கப்பட்டணத்துல ஆத்துல விட்டது, ப்ரியா. பொறியில என்ன வெச்ச?”

“வெள்ளரிக்காய். கெம்பம்மாக்காதான் சொன்னாங்க, சவதின்னு.”

அவன் முகம் சாம்பலாயிற்று.

“வெள்ளரிக்காய் சவ்தேகாயி. சவதின்னா அது இல்ல.”

“பின்ன?”

“சக்களத்தி.”

கொட்டகைக்குள் எதுவோ மெல்லக் கொறிக்கும் ஓசை எழுந்து, நின்றது.

“அவளுக்கு வெள்ளரிக்காய்னா உசிரு,” என்று முணுமுணுத்தான் மகேந்திரன். “மலை மேல போனா உப்பும் மொளகாத்தூளும் போட்டு…” சொல்லும்போதே அவன் உதட்டில் ஒரு புன்னகை அரும்பியது. மெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அஞ்ச வேண்டிய நேரம் அது. மோகனப்ரியாவோ அஞ்சவில்லை; எரிந்தாள். அவள் கண்ட கொடுமை ஆற்றிலிருந்து மீண்ட மெட்டியன்று, அவன் உதட்டுப் புன்னகை! செத்தவளுக்கும் இருப்பவளுக்கும் இடையே சிண்டுமுடிந்துவிட்டு, இருவர் நடுவிலும் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதை அவள் அன்று எண்ணிப் பார்த்திருக்கலாம். பொறாமை அவ்வளவு நிதானமாக எண்ண விடுமா?

“அவளா, நானா? இப்பவே சொல்லுங்க. அந்த வண்டி இருந்தா நான் கொளத்தூர் பஸ் ஏறிடுவேன்.”

அவன் மெட்டியைப் பார்த்தபடி தலை குனிந்தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜடையனை வரவழைத்தாள். அவன் கூட்டிவந்த பழைய வண்டி வாங்கும் ஆள் எஸ்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினான். ஏற்றுமுன், கணவன் கையிலிருந்த மெட்டியைப் பிடுங்கி, வண்டியின் கருவிப் பெட்டிக்குள் போட்டுத் தன் கையாலேயே பூட்டினாள். ஆட்டோ முனை திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

“இப்ப நடுவிடம் உங்களுக்குத்தாங்கக்கா,” என்றான் ஜடையன்.

சிவப்பு ஸ்கூட்டரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அதன்பின் எலி இல்லை. ஓசை இல்லை. மகேந்திரன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அருகிலேயே இருந்தான். வென்றுவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து, மழை கொட்டிய ஒரு பிற்பகல். நனைந்த துணிகளைக் கொட்டகையில் உலர்த்தப் போனாள். உள்ளே பெட்ரோல் வாடை. அதனோடு பச்சை வெள்ளரியின் குளிர்ந்த மணம்.

ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கினாள்.

அடியில் ஒரு கூடு. அவள் முகூர்த்தப் புடவையின் சரிகையால் பின்னிய கூடு. புகைப்படத்தில் காணாமற்போன அவள் முகத்தின் துணுக்குகள் அதில் பஞ்சணையாகப் பரப்பியிருந்தன. நடுவே அந்த வெள்ளி மெட்டி.

மெட்டியின் பக்கத்தில், பாதி தின்ற வெள்ளரிக்காய்.

குனிந்து பார்த்தாள். கடித்தது எலியில்லை. அகன்ற, வரிசையான, மனிதப் பற்களின் தடம்.

அவள் நாக்கு தானாகவே அசைந்தது. கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. விரல் விட்டு எடுத்தாள்.

ஒரு வெள்ளரி விதை.

உதடுகள் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரிந்தன.

“கொட்டகையில யாரு? ப்ரியாவா?” வீட்டுக்குள்ளிருந்து மகேந்திரன் கேட்டான்.

ஓடிவாருங்கள் என்று கத்தவே அவள் வாய் திறந்தது. வெளிவந்தது வேறு. கொஞ்சலும் உரிமையுமாய், தடையின்றி ஓடிவந்தது குரல்:

“நானே, பந்தே.”

அவளுக்குத் தெரிந்த கன்னடச் சொற்கள் சவதியோடு சேர்த்து இன்றும் ஐந்தே. நான்தான், வந்துவிட்டேன் என்னும் இந்த இரண்டும் அவற்றுள் இல்லை.