பேட் இல்லாத ஜாக்கெட்

மழைக்கு ஒதுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேனாம்பேட்டு ஷவுகத் அலியின் மகள் அலீனாவுக்கு அதெல்லாம் தெரியாது. பூந்தமல்லியில் வானம் பொத்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், கண்ணில் பட்ட முதல் கூரைக்குக் கீழே பைக்கோடு சீறிக்கொண்டு நுழைந்தாள். அது முஸ்தகீமின் தோல் ஜாக்கெட் கடை வாசல். வரிசையாகத் தொங்கிய சரக்கு மீது சேற்றுத் தண்ணி பளீரென்று அடித்தது.

"இன்னாம்மா, கண்ணு தெரில? தோலு மேல தண்ணி பட்டா எவன் வாங்குவான்?"

ஹெல்மெட்டைக் கழற்றினாள். இமை நுனியில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது. எதிரே நின்ற முஸ்தகீம் திட்டுவதை மறந்து அந்தத் துளியையே பார்ப்பதைக் கவனித்தாள்.

"மழைல நனையக் கூடாதுன்னா பைக் ஓட்டுறவங்களுக்கு ஏன் விக்கிறீங்க? பீரோவுக்கு வித்துக்கோங்க."

துளி விழுந்துவிட்டது.

வந்த இடத்தில் அவளுக்கும் ஒரு காரியம் இருந்தது. நசரத்பேட்டை கிடங்கில் சரக்கு மேற்பார்வை வேலை. தினமும் பைக்தான். போன மாதம் மணலில் சறுக்கி உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டதும் அவள் அத்தா ஷவுகத் அலி தீர்ப்பு சொல்லிவிட்டார்... 'இன்னொரு வாட்டி அடிபட்டு வந்தே, சாவி என் பையில. நீ கம்பெனி வேன்ல.'

"ஒரு ஜாக்கெட் காட்டுங்க."

"அண்ணனுக்கா... ஊட்டுக்காரருக்கா?"

"எனக்கு. வண்டியும் என்னுது, எலும்பும் என்னுது."

சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. அலீனா அதைப் பார்க்கவே இல்லை... இரண்டு தடவை பார்க்கவில்லை.

பளபளவென்று இருந்ததை ஒதுக்கினாள். தோலைக் கிள்ளித் தடிமன் பார்த்தாள், தையல் இரட்டையா என்று இழுத்துப் பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் காற்றுக்குப் பொடி ஓட்டைகள் போட்ட பழுப்பு ஜாக்கெட் பிடித்திருந்தது. தோளிலும் முழங்கையிலும், விழுந்தால் அடி தாங்குகிற கெட்டியான பேட். மாட்டிக்கொண்டு ஸ்டூலில் பைக் ஓட்டுகிற மாதிரி குனிந்து கை நீட்ட, ஜாக்கெட்டின் கை மணிக்கட்டை விட்டு மேலேறியது.

"கைய மட்டும் நீளமாக்கிக் குடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

போகிற போக்கில் கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்சம் மூஞ்சியைச் சுளித்தாள். மறந்தும் போனாள். அவன் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜாக்கெட் வந்த அடுத்த வாரமே செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஒரு லாரி திடீரென்று நிற்க, அலீனா சறுக்கி விழுந்தாள். ஜாக்கெட் கிழியவில்லை, உடம்பில் கீறலும் இல்லை. ஆனால் முழங்கை பன்னு மாதிரி வீங்கியது. அம்மா குல்ஷன் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லியேடி?" என்றாள்.

சாவி அத்தாவின் சட்டைப் பைக்குப் போனது.

கடைக்குப் போனைப் போட்டாள். "கீழ விழுந்து கை வீங்கி, வண்டிச் சாவியும் போச்சு. பேட் எங்க?"

"அது... இங்க எல்லாரும் எடுக்கச் சொல்வாங்க. போட்டோல குண்டா காட்டுதுன்னு. கடைல மேசை டிராயர் நிறைய கெடக்குது..."

"நான் சொன்னேனா?"

"வெளிய சொல்லிடாதீங்க... கடைப் பேரு கெட்டுடும்."

கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை உண்டா? அலீனா போனை வைத்தாள். இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவும் செய்தாள். ஆனால் வேன் ஜன்னல் வழியே அந்தக் கடை தினமும் தெரிந்தது. வேன் டிரைவர் அங்கே மட்டும் மெதுவாகப் போகிறார் என்று கோபம் வேறு. அங்கே வேகத்தடை இருக்கிறது, அவர் என்ன செய்வார் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஜாக்கெட் மாதிரியே இன்னொன்றைக் கையில் சுமந்துகொண்டு முஸ்தகீம் அவள் வீட்டுப் படியேறினான். எதிர்வீட்டில் துணி உலர்த்திய ராணி, உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்த ஆரம்பித்தாள்.

"வண்டி மேல தப்பில்லீங்க," அத்தாவின் முன்னால் நின்றான். "கை வீங்கினது என்னாலதான். பேட நான்தான் எடுத்தேன். போன்ல இதச் சொல்லாம கடைப் பேரப் பத்திப் பேசுனேன்... அதுவும் தப்பு."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன்யா எடுத்தே?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. முஸ்தகீம் தரையைப் பார்த்தான்... கதவோரம் நின்ற அலீனாவைப் பார்த்தான்...

"கண்ணாடியப் பாத்து மூஞ்சச் சுளிச்சாங்க. அவங்க சுளிக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

"கடைக்கு வர்றவங்க மூஞ்சியெல்லாம் பாத்துகினே இருப்பியோ?"

"இல்லீங்க... இவங்களது மட்டும்தான்."

அலீனாவுக்கு முழங்கை வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஷவுகத் அலி புது ஜாக்கெட்டின் முழங்கையை அழுத்தினார். தோளை அழுத்தினார். நிதானமாகச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க ஊட்டுப் பெரியவங்கள வரச் சொல்லு. ஜாக்கெட் விஷயமாப் பேசணும்."

ஜாக்கெட் விஷயமாம்!

வாசல்வரை அலீனா வந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

"எதுல வந்தீங்க?"

"ஷேர் ஆட்டோல. எனக்கு... பைக் ஓட்டத் தெரியாது."

கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சாவியை விரலில் சுழற்றினாள்.

"பின்னாடி ஒக்காரத் தெரியுமா?"

"கத்துக்குறேன்."

"அப்ப உங்களுக்கும் ஒண்ணு தெச்சுக்கோங்க. அதுல பேட் இல்லாம வந்து ஏறுனீங்க... நடுரோட்டுல எறக்கி உட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."