கண்ணாடிக்கடைக்காரனின் விலா எலும்பு

மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்துக்கு நடுவே, பேக்கரி வாசலில், எதிர்க் கண்ணாடிக்கடைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று விழுந்தான்.

பேக்கரிக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன் தட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்... ஒரே ஓட்டம். அந்த வணிக வளாகத்தில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் போன வாரம்தான் முதலுதவிப் பயிற்சி நடந்திருந்தது. ரப்பர் பொம்மையின் நெஞ்சை அவள் அமுக்கிய வேகத்தைப் பார்த்துப் பயிற்சியாளரே அசந்துபோனார். பின்னே? தினமும் மலை மலையாய் மாவு பிசைகிற கையாயிற்றே!

தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மூச்சு வருகிறதா என்று முகத்தருகே குனிந்தாள். நீளமான இமைகள்... மழைத்துளி ஒட்டிய கன்னம்... சே, இதையெல்லாம் பார்க்கிற நேரமா இது! மூச்சு மட்டும் வரவே இல்லை. ஆம்புலன்சுக்கு போன் பண்ணச் சொல்லிக் கத்திவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். மடக்!

"அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது பிணம்.

அப்புறம்தான் குட்டு உடைந்தது. நடந்தது ஒத்திகையாம். ஒருத்தர் மயங்கி விழுவதுபோல் நடிக்க வேண்டியது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டியது. யாராவது நெஞ்சில் கை வைக்கப் போனால் பயிற்சியாளர் விசில் ஊதித் தடுக்க வேண்டியது. விசிலும் கையுமாக அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். இந்தப் புண்ணியவானோ மூச்சையே பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்!

விலா எலும்பில் விரிசல். கனமாக எதையும் தூக்கக்கூடாது, அழுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யார் மன்னிப்புக் கேட்பது? அங்கேதான் வந்தது வம்பு. மூச்சைப் பிடித்தவன் கேட்கட்டும் என்று இவள். எலும்பை உடைத்தவள் கேட்கட்டும் என்று அவன். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு நடைபாதைதான்; இரண்டு பேரும் ஏதோ கடல் தாண்டி இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் அவன் கண்ணாடிகளைத் துடைக்கும்போது இவள் பார்ப்பாள்... இவள் கேக்குக்குக் கிரீம் வைக்கும்போது அவன் பார்ப்பான்... பார்வை மோதினால் போச்சு, இரண்டு பேருக்கும் திடீரென்று வேலை முளைத்துவிடும்.

வளாகத்தில் அவளுக்கு 'எலும்பு டாக்டர்' என்று பட்டப்பெயர் வந்தது. சிரித்துச் சமாளித்தாள். உள்ளுக்குள் வலித்தது. அடுத்த பயிற்சிக்குப் போகவில்லை. இனிமேல் யார் நெஞ்சிலும் கை வைக்க மாட்டேன் என்று பயிற்சியாளரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

இந்தச் சண்டையில் சேராதவர் அவனுடைய அப்பா மட்டும்தான். கல்லாவில் உட்காரும் அந்தப் பெரியவர் காலையில் தவறாமல் வந்து பன் வாங்குவார், பிள்ளையைப் பற்றி இரண்டு குறை சொல்லி அவளைச் சிரிக்க வைப்பார். கொஞ்ச நாளாக அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், தலை சுற்றும்; தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவார்.

ஒரு மத்தியானம் அவர் எழவில்லை. கல்லாவிலிருந்து சரிந்தவரை அவள் தன் கடையிலிருந்தே பார்த்துவிட்டாள். ஓடினாள். வாசல் வரைக்கும்தான்... அதற்குமேல் கால் வரவில்லை.

அவன் அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பெரியவரிடம் அசைவில்லை, மூச்சில்லை. அவன் கையை ஊன்றி அமுக்கினான்... வலியில் துடித்துப்போனான். மறுபடி முயன்றான். பலமே இறங்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் வீம்பெல்லாம் கரைந்துபோயிருந்தது.

"என்னால முடியலங்க. நீங்க அமுக்குங்க."

"என் கை பட்டு மறுபடியும் எலும்பு..."

"ஒடியட்டும். எலும்பு ஒட்டிக்கும். எனக்கு எங்கப்பா வேணும்."

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண எண்ண அவள் அமுக்கினாள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது, நிறுத்தவில்லை. துணிக்கடைக்காரர், வளாகச் சுவரில் மாட்டியிருந்த, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பேசும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் அதன் ஒட்டுப் பட்டைகளைப் பெரியவரின் மார்பில் ஒட்டினான். விலகச் சொன்னது பெட்டி. ஓர் அதிர்ச்சி. மறுபடி அவள் கை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போது பெரியவர் முனகிக்கொண்டே அவள் கையைத் தள்ளிவிடப் பார்த்தார். அவளுக்கு அழுகை பொங்கி வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். இதயம் கண்மண் தெரியாமல் வேகமாக ஓடி, ஒரு கட்டத்தில் துடிக்கவே மறந்து வெறுமனே நடுங்கியிருக்கிறது. ரத்தம் எங்கும் போயிருக்காது. ஷாக் கொடுக்கும் வரைக்கும் ரத்தத்தை ஓட வைத்தது இந்தப் பெண்ணின் கைதான் என்றார். படபடப்போடு தலை சுற்றியபோதே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு நல்ல டோஸும் கொடுத்தார்.

டாக்டர் போனதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னைக்கு மூச்சை நான் புடிக்கலங்க. கண்ண லேசா தொறந்தேன்... நீங்க முகத்துக்கிட்ட குனிஞ்சிட்டு இருந்தீங்க. மூச்சு விட மறந்துட்டேன். இத எப்படி வெளிய சொல்றது?"

அடப்பாவி! இதற்கா இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்? திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.

பார்வையாளர் நேரம் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நர்ஸ் மறித்தார். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதியாம். மகனைப் போகச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

எதிர்க்கடை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அவள் திருதிருவென்று விழித்தாள். உள்ளே போகாமல் நின்றிருந்த அவன் தொண்டையைச் செருமினான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"சிஸ்டர்... இவங்கள கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. இன்னும் இவங்ககிட்டயே கேக்கல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

நர்ஸ் அவனைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்து, என்னம்மா இது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"மருமக," என்றாள் அவள் நர்ஸிடம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் உள்ளே போனாள்.