சிவப்புக் கிட்டாரின் தழும்புகள்

அமெரிக்காவின் டொலீடோ நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மார்லா கொவாக் ஒரு கிட்டார்ப் பெட்டியைத் தூக்கி வந்து துப்பறிவாளர் ஹாஸ்கெலின் மேசைமேல் வைத்தாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் கிரெக் பின்னால் வந்து கதவோரமாக நின்றுகொண்டான்.

"என் தம்பி வேட் குடிச்சிட்டு நிலவறைப் படியில விழுந்து செத்தான்னு போலீஸ் கதையை முடிச்சிட்டாங்க சார். அவன் குடியை விட்டே ரொம்ப நாளாச்சு."

"நான் அங்கதான் இருந்தேன் மார்லா," என்றான் கிரெக் சலிப்போடு. "எத்தனை தடவைதான் சொல்றது?"

"எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்," என்றார் ஹாஸ்கெல்.

வேட்டும் கிரெக்கும் ஒரே ராக் இசைக்குழு. கிரெக் டிரம்ஸ் வாசிப்பவன். வேட்டின் வீட்டு நிலவறையில்தான் பயிற்சி. "நான் கீழ இருந்தேன். அவன் கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினான், கால் இடறிடுச்சு. கிட்டார் படிக்குப் படி மோதிக்கிட்டே வந்து சிமெண்ட் தரையில விழுந்துச்சு. நான் ஓடிப் பார்க்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

ஹாஸ்கெலின் உதவியாளர் டெனிஸ் பெட்டியைத் திறந்தாள். கல்லூரி நாட்களில் அவளும் மேடை ஏறியவள்தான். "அம்மாடி! எந்தக் காலத்துக் கிட்டார் இது? ஒரு வீட்டையே வித்தாத்தான் வாங்க முடியும்!"

"இல்லைங்க, மலிவுதான். பழசு வாங்க அவனுக்கு எங்க வசதி? பழசு மாதிரியே செஞ்ச புதுசு. போன மாசம் வாங்கினான்," என்றாள் மார்லா. சிவப்புப் பூச்சு விளிம்பில் உரிந்து மரம் தெரிந்த இடத்தை அவள் விரல் தடவியது. "இதெல்லாம் விழுந்ததுல ஆனதுன்னு போலீஸ் சொன்னாங்க."

ஹாஸ்கெல் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டினார். டெனிஸ் நிமிர்ந்தாள். ஒரு கம்பிகூடச் சுருதி பிசகவில்லை.

"வேட் செத்ததுக்கப்புறம் இதை யாராவது தொட்டீங்களா?" என்றார்.

"போலீஸ் பெட்டிக்கு முத்திரை போட்டுக் குடுத்தாங்க. இப்பதான் திறக்கறோம்," என்றாள் மார்லா.

அன்று மதியமே டெனிஸ் அவரை நகரத்து இசைக்கருவிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் அதே ரகக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. விளிம்பில் அதே உரிசல், பின்புறம் அதே கீறல், அச்சு அசலாக. பழமை தெரிவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்ட தழும்புகள்!

"மாட்டினான் பாஸ்!" என்று டெனிஸ் துள்ளினாள். ஹாஸ்கெல் சிரிக்கவில்லை.

மாலையில் மார்லாவையும் கிரெக்கையும் மறுபடி அழைத்தார். போலீஸ் அதிகாரி ஒருவரும் வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

"கிரெக், கடையில இருக்கிற கிட்டார்ல இருக்கிற தழும்புக்கு மேல இதுல ஒரு கீறல்கூட இல்ல. சிமெண்ட்ல விழுந்தா சுருதி நிக்குமா? இது விழவே இல்ல. அவன் இடறி விழுந்த மாதிரி காட்ட யாரோ கொண்டுவந்து பக்கத்துல வெச்சிருக்காங்க. அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான். தழும்பெல்லாம் வாங்கறப்பவே இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். விழுந்ததுல ஆனதுன்னு போலீஸ் தப்பா எழுதினப்போ நீங்க வாயைத் திறக்கல."

கிரெக் மார்லாவின் பக்கம் திரும்பினான். "வேற குழுவுக்குப் போறேன்னான். நாங்க சேர்ந்து போட்ட பாட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு... கோவத்துல படி உச்சியில நின்னவனை ஒரு தள்ளு தள்ளினேன். அவ்வளவுதான் மார்லா. சத்தியமா அவ்வளவுதான்."

"கிட்டார் எங்க இருந்துச்சு?" என்றாள் மார்லா.

"மேல. அவன் ரூம்ல."

"அப்போ நீ மேல ஏறிப் போயி, அதை எடுத்துக்கிட்டு இறங்கி வந்திருக்க." அவள் குரல் உயரவே இல்லை. "நீ மேல போறப்போ அவன் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தானா?"

கிரெக் தரையைப் பார்த்தான். அதிகாரி எழுந்தார். மதியம் துள்ளிக் குதித்ததை நினைக்க டெனிஸுக்கு உடல் கூசியது.

"சொல்லு கிரெக்," என்றாள் மார்லா. "மூச்சு இருந்துச்சா?"

அவன் கடைசிவரை தலை நிமிரவில்லை.