உடையாத ஒரே ஜன்னல்

மரண விசாரணை அதிகாரி லின்ஸ்கில் காலைக் கஞ்சியில் கரண்டி வைப்பதற்குள் டாபிதா வந்து நின்றாள். பத்து மைலுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"என் தம்பி பிக்கார்டைத் தூக்குல போடப் போறாங்க. நீ வந்து பாரு," என்றாள்.

"ஐயாவைப் போய் 'நீ', 'வா'ன்னு பேசுறியே," என்று கான்ஸ்டபிள் தோர்ப் சீறினான்.

"ராஜாவே வந்தாலும் எங்களுக்கு நீதான்."

அக்காளும் தம்பியும் க்வேக்கர்கள். அந்தக் கிறிஸ்தவப் பிரிவினர் அப்படித்தான். யாருக்கும் தொப்பி கழற்றமாட்டார்கள், போருக்குப் போகமாட்டார்கள், வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியமும் செய்யமாட்டார்கள். சத்தியம் செய்யாதவன் வாக்கு கொலை வழக்கில் செல்லாது. நேற்று நீதிபதி முன்னால் பிக்கார்ட் சத்தியம் செய்ய மறுத்ததும் அவன் வாயை அடைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். சாட்சி என்ன சொன்னான் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டு எங்கள் படை க்வெபெக்கைப் பிடித்த செய்தி வந்த சாயங்காலம், வெற்றியைக் கொண்டாட எங்கள் துறைமுகத்தில் ஒவ்வொரு ஜன்னலிலும் மெழுகுவத்தி எரிந்தது. அத்தனையும் பிக்கார்ட் செய்து விற்றவை. அவன் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. எங்களுக்கு வயிறு எரிந்தது. படகு கட்டும் நெட் ஹார்லண்ட் தலைமையில் போய்க் கடையை உடைத்தோம், ஜன்னல்களை நொறுக்கினோம். அந்த ரகளையில் ஹார்லண்ட் விழுந்து செத்தான். பக்கத்தில் பிக்கார்டின் கடை எடைக்கல் ரத்தத்தோடு கிடந்தது.

மதுக்கடையில் பிணத்தைக் கிடத்தி விசாரணை தொடங்கியது. பன்னிரண்டு பேர் ஜூரிகள். அதில் நானும் ஒருவன். பன்னிரண்டு பேருக்கும் தீர்ப்பு முன்பே மனப்பாடம்.

சாட்சி சைலஸ் வென், தார் படிந்த கையில் குவளையோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். வசந்த காலத்தில் வந்து இறங்கிய மாலுமி.

"மாடியில இடப்பக்கத்துலேருந்து மூணாவது ஜன்னல், ஐயா. கதவைத் திறந்தான், ரெண்டு கையாலயும் கல்லைப் போட்டான். ஹார்லண்ட் எனக்கு முன்னாலதான் நின்னான்."

லின்ஸ்கில் பிணத்தைத் திருப்பினார். போர்க்கப்பலில் வைத்தியராக இருந்தவர். உடைந்த மண்டைகளை நிறையப் பார்த்தவர். காயம் பிடரியில் இருந்தது. உச்சந்தலையில் ஒரு கீறலும் இல்லை.

"குனிஞ்சிருப்பான் ஐயா, கல் பொறுக்க," என்றான் தோர்ப். ஊரார் முறைவைத்து ஏற்கும் கான்ஸ்டபிள் கோல் இந்த வருஷம் அவன் கைக்கு வந்திருந்தது. மற்றபடி அவன் கொத்தனார். எதற்கும் முந்திக்கொண்டு நிற்பான். எடைக்கல்லைக் கொண்டுவந்தவனும் அவன்தான், ரத்தக் கறையைக் காட்டியவனும் அவன்தான்.

எல்லோரும் பிக்கார்ட் வீட்டுக்குப் போனோம். தெருவெல்லாம் கண்ணாடித் தூள். மாடியில் ஐந்து ஜன்னல்களில் நான்கு பொக்கைவாயாக நின்றன. மூன்றாவதில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

"தோர்ப், ஏணி கொண்டா."

"ஏணி இல்லீங்க. இரவல் போயிருக்கு."

லின்ஸ்கில் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு கூழாங்கல்லை எடுத்து அந்த ஜன்னலை நோக்கி எறிந்தார். கல் பட்டுத் திரும்பி விழுந்தது. வேறொன்றும் சொல்லாமல் மதுக்கடைக்கு நடந்தார்.

"வென், இந்த ஊர் மாலுமிங்க எல்லாம் இப்ப எங்க?"

"மலைப்பக்கம் ஒளிஞ்சிருக்காங்க. கப்பற்படைக்கு வலுக்கட்டாயமா ஆள் பிடிக்கிறவங்க சுத்துறாங்களே."

"நீ மட்டும் பட்டப்பகல்ல பீர் குடிக்கிற. உன்னை ஏன் பிடிக்கல?"

வென் குவளையைக் கீழே வைத்தான்.

"நீ வந்த நாளையிலேருந்து பதினோரு பேரை நேரா வீட்டுக்கே போய்ப் பிடிச்சிருக்காங்க. காட்டிக்கொடுக்கிறவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, நாளைக்குச் சொல்றேன்னு ஹார்லண்ட் இதே கடையில சொன்னானாம். அன்னிக்குச் சாயங்காலமே செத்தான், உனக்கு ஒரு அடி முன்னால நின்னு. கடையைத்தான் உடைச்சுப் போட்டாச்சே, எடைக்கல் யார் கைக்கும் கிடைக்கும்."

"நான் ஜன்னல்ல பார்த்தேன் ஐயா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"மத்த நாலு ஜன்னலையும் ஆளுக்கொண்ணா குறிபார்த்து அடிச்சிட்டிருந்தாங்க. அங்க பிக்கார்ட் நின்னிருந்தா அவங்க பார்த்திருப்பாங்க. அதனால முழுசா நின்ன ஒண்ணைச் சொன்ன. அது ஏன் முழுசா நின்னுச்சு தெரியுமா? அது ஜன்னலே இல்ல. செங்கல். வீட்டு ஜன்னலை எண்ணிப் போடுற வரி போன வருஷம் ஏறினப்ப அடைச்சு, மேல கண்ணாடி மாதிரி வர்ணம் அடிச்சிருக்காங்க. அப்ப நீ இங்க இல்ல."

வென் வாசலைப் பார்த்தான். படகுத் துறை ஆட்கள் நால்வர் அங்கே நின்றிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் இருவர் அவர்களுடைய அண்ணன் தம்பிகள். அவன் எழுந்திருக்கவில்லை.

லின்ஸ்கில் எங்கள் பக்கம் திரும்பினார். "இவன் வெளியூரான், இவனுக்குத் தெரியாது. நீங்க பன்னிரண்டு பேரும் தினம் அந்தத் தெருவுல நடக்குறீங்க."

அது செங்கல்தான். எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"தோர்ப், இந்த ஊருக்குக் கொத்தனார் நீ ஒருத்தன்தான். ஏணி இல்லாத கொத்தனாரை நான் பார்த்ததில்ல. அதை அடைச்சது யாரு?"

தோர்ப் தன் கோலை மேஜைமேல் வைத்தான். "நான்தான்."

"ஏன் சொல்லல?"

"என் மகன் க்வெபெக்ல மண்ணுக்குள்ள கிடக்கான், ஐயா. அவனுக்காக ஊரே வத்தி கொளுத்துச்சு. இவன் கொளுத்தல."

"அதுக்கு உயிரை எடுக்கணுமா?"

"எடுக்கலாம்னுதான் இருந்தேன்." குரலில் வெட்கம் இல்லை. "இப்பவும் அவனைக் கண்டா எனக்கு ஆகாது. எழுதிக்கோங்க." வேதப் புத்தகத்தைத் தொட்டான். "அது செங்கல். நான் வச்சது."

மதியத்துக்குள் வென் உள்ளே போனான், பிக்கார்ட் வெளியே வந்தான். அக்காளும் தம்பியும் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. நாங்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிக்கார்ட் நின்று, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அந்த ஜன்னலைத்தான் சொன்னானாமே," என்றான். "உங்கள்ல ஒருத்தர்கூடவா சொல்லல?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.