ரைசா ஒட்டிய சிவப்பு அம்பு

“இந்தக் காலத்து மனுசங்களுக்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. நோயை வெச்சுக்கிட்டு நாலு பேர் நடுவுல வந்து நிக்கறாங்க பாரு” என்று குழாயடியில் சத்தம் போட்டார் மயில்சாமித் தாத்தா.

மண்ணரைப் பகுதியில் எட்டு வீடுகள் கொண்ட அந்த வரிசைக்கு அவர்தான் மூத்தவர். யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். மழை வரும் என்று செய்தியில் சொன்னால், அன்றைக்குத்தான் போர்வையைத் துவைத்துக் காயப்போடுவார்.

அவர் திட்டியது சித்ரகலாவை. சித்ரகலா ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர். கொரோனா வந்தவர்களின் அறையைச் சுத்தம் செய்யப்போய் அவருக்கும் வந்தது, மகள் கீர்த்தனாவுக்கும் வந்தது. பதினைந்து நாள் சிகிச்சை முடிந்து, அன்று காலைதான் இருவரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

“குணமாயிருச்சுன்னு சீட்டுக் குடுத்திருக்காங்களுங்க” என்று காகிதத்தை நீட்டினார் சித்ரகலா.

“பேனா இருக்கறவன் எதையும் எழுதுவான். நீங்க கடைசியாப் புடிச்சுக்குங்க. அதுவும் தள்ளி நின்னு.”

யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். கூட்டம் சேரக்கூடாது என்று தரையில் வட்டம் போட்டு, ஆளுக்குப் பதில் குடங்களை வரிசையில் வைத்திருந்தார்கள். சித்ரகலாவின் குடம் மட்டும் சாக்கடை ஓரத்துக்குப் போனது. அன்றைக்குக் கடைசியாக அந்த ஒரு குடம் தண்ணீர்தான் அவருக்குக் கிடைத்தது.

ரைசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கீர்த்தனாவும் ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. இப்போது பள்ளிக்கூடமும் இல்லை, பெஞ்சும் இல்லை. ரைசாவின் அம்மா அஜீஸுன்னிசா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கம்பெனியும் பூட்டிக் கிடந்தது.

வீட்டில் அம்மாவின் பையில் ஒரு ஸ்டிக்கர் சுருள் இருந்தது. எல்லாம் சிவப்பு அம்பு. பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய பனியன் நல்ல பனியன்களோடு சேராது. தனிக் கூடைக்குப் போய்விடும்.

மத்தியானம் ரைசா ஓர் அம்பை உரித்துக் கீர்த்தனா வீட்டுக் கதவில் ஒட்டினாள்.

“டேமேஜ் பீஸ்” என்றாள். கூட நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டால் கை நிற்குமா? இன்னும் மூன்று ஒட்டினாள். வாசலில் இருந்த குடத்துக்கும் ஒன்று.

அப்போது கதவு திறந்தது. கீர்த்தனா அம்புகளைப் பார்த்தாள். பிறகு ரைசாவைப் பார்த்தாள்.

“நீயா?” என்று மட்டும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ரைசா மட்டும் ஸ்டிக்கர் சுருளோடு வாசலில் நின்றாள்.

நான்காம் நாள் மறுபடி தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வீடாகப் பிடித்து முடித்து, சாக்கடை ஓரத்துக் குடத்தின் முறை வந்தபோது குழாய் ‘புஸ்’ஸென்று காற்றை விட்டது. அவ்வளவுதான். கீர்த்தனா காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதில் சிவப்பு அம்பு இன்னும் இருந்தது.

ரைசா வீட்டில் ஏழு குடம் நிறைந்திருந்தது. அதில் அவள் ஒரு குடத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு போய்க் கீர்த்தனாவின் வாசலில் வைத்தாள்.

“எடுத்துட்டுப் போ. எங்க ஊட்டு வாசல்ல வெச்சா உங்க கொடமும் டேமேஜ் ஆயிரும்” என்றாள் கீர்த்தனா, ஜன்னலுக்குள்ளிருந்து.

ரைசா கதவில் இருந்த அம்புகளை நகத்தால் சுரண்டினாள். காகிதம் வந்தது, பசை வரவில்லை.

“நகத்துல என்ன இது?” என்று வீட்டில் அம்மா கேட்டார். ரைசா எல்லாவற்றையும் சொன்னாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அடி விழவில்லை. “நானுந்தான் குழாயடியில நின்னேன். அவங்களுக்காக ஒரு வார்த்தை பேசல” என்று சொல்லி, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்ரகலா அந்த நான்கு நாளும் மூன்று தெரு தள்ளிப்போய், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பிடித்து வந்தார்.

அடுத்த தண்ணீர் நாள். ரைசா தன் குடத்தைச் சாக்கடை ஓரத்தில், கீர்த்தனாவின் குடத்துக்கும் பின்னால் வைத்தாள். அவள் சட்டையில் ஒரு சிவப்பு அம்பு. அது மேலே அவள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்கண்ணு, சட்டையில ஓட்டையா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பூங்குழலி.

“சட்டை நல்லாத்தான் இருக்குதுங்க்கா. தப்பு எங்க இருக்குதோ அங்கதான் அம்பு ஒட்டணும். நான் அன்னைக்கு எடம் மாத்தி ஒட்டிட்டேன்.”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கீர்த்தனாவும் பார்த்தாள்.

“கோணலா ஒட்டியிருக்கற. மூக்கைக் காட்டுது” என்றாள் கீர்த்தனா.

“வாயைக் காட்டத்தான் ஒட்டினேன்.”

கீர்த்தனா கிட்டே வந்து அம்பை உரித்து, சரியாக வாயைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அஜீஸுன்னிசா தன் மற்றக் குடங்களை எடுத்துவந்து ரைசாவின் குடத்துக்குப் பின்னால் வைத்தார். பூங்குழலியும் வைத்தார். ஒவ்வொரு வட்டமாகக் காலியானது. கடைசியில் குழாய்க்கு நேரே மயில்சாமித் தாத்தாவின் குடம் மட்டும் நின்றது.

“என்ன, எல்லாரும் சேர்ந்து என்னைத் தனியா வெக்கறீங்களா?” என்றார் அவர்.

குழாய் இருமியது. தண்ணீர் வந்தது.

“தண்ணி வந்துருச்சுங்க தாத்தா, புடிங்க” என்றாள் ரைசா.

தாத்தா குடத்தைப் பார்த்தார். சாக்கடை ஓரத்தைப் பார்த்தார். மெதுவாகக் குடத்தை இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க சித்ரகலா, வந்து புடிங்க. தண்ணி வீணாப் போகுது பாருங்க” என்றார். அவர் குரலில் பழைய சத்தம் இல்லை. “ஆனா ஒண்ணு. நோய் போயிருச்சுன்னு நான் இன்னும் நம்பல. சொல்லிப்புட்டேன்.”

மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல், காலிக் குடத்தோடு வரிசையின் கடைசிக்கு நடந்து போனார்.