பதினொரு நாள்

மதிய லுஹர் தொழுதுவிட்டுக் கயிற்றுக் கடையைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஜலாலுக்கு வாசலிலேயே ஊதுபத்தி மணத்தது. ரஜப் மாதத்தில் அந்த வீட்டில் ஊதுபத்தி ஏற்றுவது ஒரே ஒரு நாள்தான், இறந்தவருக்குப் பாத்திஹா ஓதும் நாள். பிறை ஏழு. அது முடிந்து பதினொரு நாளாகிவிட்டது.

உள்ளே பாய் விரித்திருந்தது. தட்டில் தேங்காய்ச்சோறு, பக்கத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளர். ஜெயினம்பு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அண்ணன் மகள் நிக்காஹுக்கு வைத்த மருதாணி அவள் விரல்களில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இன்னைக்கு என்ன பாத்திஹா? யாருக்கு?"

"யாருக்குன்னு தெரியாதாக்கும். அவுகளுக்குத்தான்."

'அவுக' என்றால் ஷேக் தாவூது. அவளுடைய முதல் கணவன், ஜலாலின் கூட்டாளி. இருவரும் கோரிப்பாளையத்திலிருந்து ஒன்றாகக் கிளம்பிப் போய்ச் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தவர்கள். நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டை நடந்துகொண்டிருந்த காலம், எண்ணெய்ப் பீப்பாய்கள் ஏற்றிய அந்தக் கப்பலை நீர்மூழ்கி ஒன்று அரபிக் கடலில் அடித்து மூழ்கடித்தது. ஜலால் மட்டும் திரும்பி வந்தார். தாவூது கப்பலோடு போய்விட்டான் என்று சொன்னார். அவர் சொன்ன பிறை ஏழிலிருந்து நான்கு மாதம் பத்து நாளை எண்ணி ஜெயினம்பு, கணவனை இழந்தவள் மறுமணம் செய்யாமல் ஒதுங்கியிருக்கும் இத்தா இருந்து முடித்தாள். முடித்த மூன்றாம் நாள் ஜலால் அவளை நிக்காஹ் செய்துகொண்டார். ஏன் இம்புட்டு அவசரம் மாப்ள என்று ஊரே கேலி பேசியது. அவரும் சிரித்தார்.

"அதான் ஏழாம் பிறைக்கு ஓதியாச்சே," என்றார்.

"ஓதியாச்சு. மூணு நாளா கனாவுல வாராக. வந்து பாயில உக்காந்துக்கிட்டு, தேதி தப்பு புள்ள, தேதி தப்பு புள்ளங்கிறாக."

"வெயிலுக்குப் பித்தம் ஏறியிருக்கும். ரெண்டு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடி."

"எனக்குப் பித்தமா? ராத்திரி தூக்கத்துல கையத் தூக்கித் தூக்கி அடிக்கிறது யாரு? என் தோளப் பாருங்க, எம்புட்டு கன்னியிருக்குன்னு."

அவள் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் இந்த மாதிரிப் பேச்சைச் சிரிக்காமல் அவள் முடித்ததில்லை.

தெருக்குழாயில் குடம் வைப்பதற்காக யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது. அதன் அடியில், வீட்டுக்குள் எங்கோ, மரத்தில் தண்ணீர் மெதுவாக மோதி விலகுகிற சத்தமும் கேட்டது. பின்கட்டுத் தொட்டியில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை.

ஜெயினம்பு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பிஸ்மில்லாச் சொல்லிக் குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க. அவுக எந்தப் பிறையில மவுத்தானாக?"

அந்தக் கையைப் பார்த்தார். பெருவிரலில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவருக்கு ரொட்டி சுட்டபோது பட்டது. அந்தத் தழும்பைத் தடவிக்கொடுத்துத்தான் அவர் தூங்கப் போவார். உண்மையைச் சொன்னால் இனி அந்தக் கை கிடைக்காது.

உண்மை பதினொரு நாள் நீளமானது. கப்பல் மூழ்கியதும் நீர்மூழ்கி மேலே எழுந்தது. அதன் மேல் நின்ற ஒருவன் விளக்கடித்து, உயிர்காப்புப் படகில் இருந்தவர்களை ஒவ்வொரு தலையாக எண்ணினான். பத்துப் பேர். பத்தில் ஒருவன் தாவூது. குடிதண்ணீர் தீர்ந்த பிறகும், நாக்கு தடித்த பிறகும், அவன் ஜெயினம்புவைப் பற்றியே பேசினான். அவள் எப்படிக் கோபப்படுவாள், எப்படிச் சிரிப்பாள். கேட்டுக் கேட்டு ஜலாலுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. கேட்கக் கேட்க அவள் வேண்டுமென்று ஆகிவிட்டது. பதினொன்றாம் நாள் அலை தூக்கியடித்ததில் தாவூது தண்ணீரில் விழுந்தான். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, கையக் குடு," என்றான். உயிரோடு மிச்சமிருந்த மற்ற நான்கு பேரும் நினைவில்லாமல் கிடந்தார்கள். ஜலாலின் கையில் தண்ணீர் இறைக்கும் தகர டப்பா இருந்தது. மூன்று முறை அடித்தார். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கின.

"கப்பலோட போயிட்டான், ஜெயினம்பு. பிறை ஏழு. அல்லாமேல ஆணை."

சொல்லிவிட்டுக் குடித்தார். உப்பு. தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. மூக்கில் எரிந்த எண்ணெய் வாடை அடித்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் வைத்தாள். பெட்டியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையோடு போர்த்தினாள். முகத்தை மூடினாள்.

"என்ன செய்யிற?"

"பிறை பதினெட்டுன்னு அவுக கனாவுல சொன்னதுதான் கணக்கு. என் இத்தாவுல பதினொரு நாள் பாக்கி கெடக்கு. அது முடியுமுன்னே நடந்தது நிக்காஹே இல்ல." குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. "அன்னிய ஆம்பள முன்னால நான் நிக்கக் கூடாது."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

கூப்பிட்டார். கதவைத் தட்டினார். தாகம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தது. அடுக்களைக்குப் போய்ப் பித்தளைச் செம்பில் பானைத் தண்ணீரை மொண்டு வாயில் வைத்தார், அதுவும் உப்பு. செம்போடு வந்து நடுக்கூடத்துக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். முற்றத்தில் வெயில் வெள்ளையாக நின்றது.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது.

முதலில் ஒரு நூல்போல வந்தது. பிறகு பாயை நனைத்து, வளையல்களை நகர்த்தி, தேங்காய்ச்சோற்றுத் தட்டை மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. கட்டில் கால்களை முழுங்கியது. கட்டில் ஆடியது. தெருச் சத்தம் நின்றுவிட்டது. பள்ளிவாசல் இல்லை, பஸ் இல்லை, சுவர் எங்கே இருந்தது என்றும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் மரத்தில் மோதியது. விலகியது. மோதியது.

கால்மாட்டில் ஒரு கை.

நான்கு விரல்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்தன. ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

அவருக்குத் தெரியும் அந்தப் பிடி.

யோசிக்கவில்லை. கையில் செம்பு இருந்தது. அடித்தார். எலும்பு நொறுங்குகிற அதே சத்தம். மறுபடி அடித்தார். விரல்கள் விடவில்லை. பெருவிரலும் மேலே வந்து சட்டத்தை இறுக்கியது.

மூன்றாவது முறை அடித்தார்.

அடி இறங்கும்போதுதான் பார்த்தார். நகங்களில் சிவப்பு. மருதாணி. பெருவிரலில் தழும்பு.

"என்னங்க..."

விரல்கள் விட்டுவிட்டன.

குப்புற விழுந்து தண்ணீருக்குள் கையை நீட்டினார். தோள் வரை நீட்டினார். துழாவினார். சிமெண்டுத் தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. ஆழம் இருந்தது. மேலிருந்து விழுந்த வெயில் அந்த ஆழத்துக்குள் வெகுதூரம் இறங்கியது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துப்பட்டி விரிந்து விரிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. அதற்கும் கீழிருந்து இரண்டு கைகள் எழுந்து வந்தன. ஒன்றில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கியிருந்தன. அந்தக் கைகள் அவள் பாதங்களைப் பூப்போலப் பிடித்து, அவசரமில்லாமல், உள்ளே வாங்கிக்கொண்டன.

ஜெயினம்பு மேலே பார்க்கவில்லை.